மிஸ்டு காலில் ஓடும் மோட்டார்

அன்னூருக்குக் கிழக்கே எங்கள் மாமாவின் தோட்டத்தில் மோட்டார் ரூம் எட்டுக்கு ஆறடி. ஹாலோபிளாக் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது பேனல் போர்டு: வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், மூன்று பேஸுக்கு மூன்று விளக்கு, பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். அதற்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கறுப்பு ஒயர் ஜன்னல் கம்பியில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஆன்டெனா. பெட்டிக்குப் பின்னால் பல்லி முட்டையிட்டிருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு சிம் கார்டு. கொங்கு நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொபைல் ஸ்டார்ட்டர்.

இந்தப் பெட்டி வருவதற்கு முன், ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் வாரங்களில் மாமா சரியாகத் தூங்கியதே இல்லை. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தடி, வரப்பில் கட்டுவிரியன் கிடக்குமோ என்று தட்டிக்கொண்டே நடப்பார். அவர் திரும்பி வரும்வரை அத்தை சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இப்போது கட்டிலில் படுத்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், 900 அடி ஆழத்தில் கிடக்கும் சப்மெர்சிபிள் ஓடத் தொடங்கிவிடும். அந்த வரப்பு இருட்டைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவன் நான். இந்தப் பெட்டியை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் இந்த அத்தியாயத்தை இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி நிரம்பி வழிந்து, வண்டித்தடம் முழுக்கச் சேறு. மோட்டார் ராத்திரி தானாக ஓடியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றியதும் டிரை ரன் ரிலே கட் செய்ததால் காயில் தப்பியது. வீட்டில் யாரும் போன் போடவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார் மாமா. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதில் பதிந்திருந்த ஐந்து எண்களை வரிசையாகப் பார்த்தபோது ஓர் எண் இடித்தது.

“இது யாரு நம்பருங்க மாமா?”

“அது நம்ம தோட்டத்துல வேலைக்கு இருந்த பையனுது கண்ணு. அவன் ஊருக்குப் போயி மூணு வருசம் ஆச்சே.”

அந்த எண்ணுக்குப் போட்டோம். எடுத்தது ஓர் அம்மா. மதுரைப் பக்கத்துப் பேச்சு. நடுராத்திரியில் யாரோ கூப்பிட்டு, எடுத்தால் கரண்ட் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள், யார் என்று கேட்கத் திருப்பிப் போட்டேன் என்றார். எல்லாம் விளங்கிவிட்டது. பையன் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு விற்றிருக்கிறது. ஓர் எண்ணை முடக்கிய பின் குறைந்தது 90 நாள் கழித்து அப்படிக் கொடுக்க இந்தியாவில் அனுமதி உண்டு. மின்சாரம் வந்ததும் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தகவல் சொல்வது பெட்டியின் வேலை, சொன்னது. பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மோட்டாரைப் போடுவதும் அதன் வேலை, போட்டது. அந்த அம்மா மீது தவறில்லை, பையன் மீதும் இல்லை.

அந்தப் பேனலில் மோட்டாருக்கு எத்தனை காவல் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பேஸ் போனால் பிரிவென்டர் நிறுத்திவிடும். வோல்டேஜ் தாழ்ந்தாலும் ஏறினாலும் நிறுத்தும். தண்ணீர் இல்லையென்றால் நிறுத்தும். இதெல்லாம் கோவைப் பட்டறைகள் பல்லாண்டு எரிந்த காயில்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் ‘ஓடு’ என்ற கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க ஒரே ஒரு காவல்தான்: கூப்பிடும் எண் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தை நீட்டுபவர் என்ன ஊர், என்ன பேர் சொல்கிறாரோ அதையே அவர் எழுதுவார். எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால் அது போதும். தொலைபேசி வலையமைப்பும் அப்படித்தான் பிறந்தது. ஓர் அழைப்பை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை நிலையங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் மொழிக்கு எஸ்.எஸ்.7 என்று பேர். 1970-களில் உருவாகி, 1980-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அன்றைக்குத் தொலைபேசி நிறுவனம் என்றால் நாட்டுக்கு ஒன்று, இரண்டு. பெரும்பாலும் அரசாங்கமே நடத்தியது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. இன்று அந்தப் பந்தலுக்குள் ஆயிரக்கணக்கானோர் நுழைந்துவிட்டார்கள். இணையம் வழியாக அழைப்புகளைக் கைமாற்றிவிடும் சிறு நிறுவனங்களும் அதில் உண்டு. மொய் எழுதும் முறை மட்டும் பழையதுதான்.

2014 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் டோபியாஸ் எங்கல், கார்ஸ்டன் நோல் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள், இந்த மொழி தெரிந்தவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கைபேசி இருக்கும் இடத்தை அறியலாம், அதற்கு வரும் குறுஞ்செய்தியைத் தன் பக்கம் திருப்பலாம் என்று காட்டினார்கள். மூன்று வருடத்துக்குள் அதே ஜெர்மனியில் திருடர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். வங்கி அனுப்பிய ஓ.டி.பி. எண்களைத் தங்கள் போனுக்குத் திருப்பிக் கணக்குகளைக் காலி செய்ததை ஒரு தொலைபேசி நிறுவனமே 2017-இல் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே +91 எண்ணை முகத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் அது பிடித்தவை 1.35 கோடி அழைப்புகள்.

இன்னொரு பலவீனம் 2ஜி அலையிலேயே இருக்கிறது. பழைய ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் 2ஜியில் இயங்குபவை. மில் கேட்டில் வாட்ச்மேன் தொழிலாளியின் டோக்கனைக் கேட்பார். காக்கிச் சட்டை போட்டு நிற்பவர் நிஜமாகவே மில் வாட்ச்மேன்தானா என்று தொழிலாளி கேட்பதில்லை. 2ஜி வகுத்த முறையும் அதேதான். டவர் ஓர் எண்ணை அனுப்பும், சிம் தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் அதைக் கணக்குப் போட்டு விடை சொல்லும், டவர் உள்ளே விடும். டவரிடம் சிம் எதுவும் கேட்பதில்லை. எனவே போலி டவர் ஒன்றை ஒரு காரின் பின்சீட்டில் வைத்து ஓட்டினால், சுற்றுவட்டாரத்துப் போன்கள் அதை நம்பி ஒட்டிக்கொள்ளும். 3ஜி முதல் இரண்டு பக்கமும் சோதித்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். தோட்டத்துப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு அந்த மாற்றம் வந்து சேரவில்லை. மோட்டாருக்கு ரீவைண்டிங் உண்டு, பேரிங் மாற்றுவது உண்டு. இந்தச் சில்லைப் புதுப்பிப்பவர் யாரும் இல்லை.

சரி, மாமாவின் ஏழரை எச்.பி. மோட்டாரை ஓட்டிவிட யார் போலி டவர் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாரும் வரமாட்டார்கள். பயப்பட வேண்டியது இரண்டு வகை ஆட்களுக்கு. ஒருவர், உள்ளே இருந்து வெளியே போனவர். இன்னொருவர், உங்களை யாரென்றே அறியாமல் மொத்தமாக அள்ளுபவர்.

முதல் வகைக்குப் பம்பு உலகிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்ற கடலோர வட்டாரம். அங்கே சாக்கடை நீரைத் தள்ள 142 பம்பிங் ஸ்டேஷன்கள். அவற்றை ரேடியோ அலை மூலம் ஓரிடத்திலிருந்து இயக்கும் அமைப்பை ஒரு நிறுவனம் போட்டுக்கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பம்புகள் நினைத்தபோது நின்றன, அலாரம் அடிக்கவில்லை. ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் ஓடைகளிலும் பூங்காக்களிலும் ஒரு ஹோட்டல் வளாகத்திலும் புகுந்தது. மீன்கள் செத்தன, ஓடைத் தண்ணீர் கறுத்தது. எங்கள் மாமாவைப் போலவே அவர்களும் முதலில் பெட்டிக் கோளாறு என்றே நினைத்துத் திரும்பத் திரும்ப மென்பொருளை ஏற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஏப்ரல் மாதம் ஒரு காரைப் போலீஸ் நிறுத்திச் சோதித்தபோது லேப்டாப்பும் ரேடியோ கருவியும் அகப்பட்டன. கார்க்காரர் வைடெக் போடன். அந்த அமைப்பைப் போட்டுக்கொடுத்த நிறுவனத்தில் வேலை பார்த்து விலகியவர், நகரசபையில் வேலை கேட்டுக் கிடைக்காதவர். அவருக்கு இரண்டு வருடச் சிறை விதித்தார்கள். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வேலையை விட்டுப் போனவருடைய சாவியை யாரும் திரும்ப வாங்கவில்லை, அவ்வளவுதான். ஊருக்குப் போன பையனின் எண் மூன்று வருடம் அந்தப் பட்டியலிலேயே கிடந்ததை எண்ணிப் பார்க்கும்போது இந்த வழக்கு எனக்குத் தூரத்து ஊர்க்கதையாகத் தெரியவில்லை.

இரண்டாவது வகைக்குச் சாவியே தேவையில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவியைப் போட்டுக்கொடுத்ததே போதும்.

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்த பலருக்கு ஒரு நாள் இணையம் செத்துப்போனது. சுமார் 60,000 மோடம்கள் முடங்கின. வாங்கிய நாளில் இருந்த ‘அட்மின்’ என்ற பேரும் ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டும் மாறாமல் அப்படியே இருந்த மோடம்கள். பிரிக்கர்பாட் என்ற நிரல் இணையத்தில் ஒவ்வொரு முகவரியாகக் கதவைத் தட்டிப் பார்த்து, திறந்தவற்றின் நினைவகத்தை அழித்தது. மோடம் வெறும் செங்கல் ஆகிவிடும் என்பதால் அந்தப் பேர். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வாங்கும்போதே மாற்றச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த மிராய் என்ற நிரல் இன்னும் பெரிய பாடம். அமெரிக்காவில் இருபதை ஒட்டிய வயதுள்ள மூன்று இளைஞர்கள் எழுதியது. அறுபத்துச் சொச்சம் பேர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அடங்கிய ஒரு சிறு பட்டியல், அதுதான் மொத்த ஆயுதம். அதை வைத்துக்கொண்டு உச்சக்கட்டத்தில் 6 லட்சம் கருவிகளைப் பிடித்தது. அவற்றில் பெரும்பகுதி சி.சி.டி.வி. கேமராக்கள், அதன் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். அந்தப் படையின் ஒரு பகுதி 2016 அக்டோபர் 21 அன்று இணையதளங்களுக்கு வழிகாட்டும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட எத்தனையோ தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமரா சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டிருந்தது.

கொங்குத் தோட்டத்து வீடுகளில் இன்று கேமரா ஏன் இத்தனை என்று நமக்குத் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-இல் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, கூப்பிடு தூரத்தில் ஆளில்லாத சாளையில் இரண்டு முதியவர்கள். கேமரா மாட்டாமல் என்ன செய்வார்கள்? மாட்டிக்கொடுக்கிற பையன் அவசரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போனால், காவலுக்கு வைத்த கண்ணே யார் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வெளியாளுக்குக் காட்டும். 2025 ஏப்ரல் முதல், இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி. கேமராக்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதி. ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேமராக்களுக்கு அது பொருந்தாது.

மோட்டாருக்குத் திரும்புவோம். மிஸ்டு கால் பெட்டிகளிடம் ஒரு பாதுகாப்பு தற்செயலாக இருந்தது: ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஆயிரம் மோட்டாரை ஓட்ட ஆயிரம் எண் தெரிய வேண்டும். இப்போது வரும் 4ஜி ஸ்டார்ட்டர்கள் செயலி வழியாக இயங்குகின்றன. விவசாயியின் போன் நேராகப் பெட்டியோடு பேசுவதில்லை; இரண்டும் நிறுவனத்தின் சர்வரோடு பேசுகின்றன. எத்தனை யூனிட் ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று அழகாகக் காட்டும். வசதிதான். ஆனால் அந்த ஒரு சர்வரின் சாவி பறிபோனால் அத்தனை தோட்டத்து மோட்டாரும் ஒரே கையில்.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் வாரியத்துக்கு இதன் சிறு மாதிரி நேர்ந்தது. மேட்டுப்பகுதிக்குத் தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றும் பம்பிங் ஸ்டேஷனில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியை ஈரானோடு தொடர்புடைய ஒரு கும்பல் கைப்பற்றியது. கருவி இஸ்ரேலில் செய்தது என்பதே அவர்கள் கோபத்துக்குக் காரணம். அந்த ஊரை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த வகைக் கருவிகளுக்குத் தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டு 1111. ஊழியர்கள் உடனே கைமுறைக்கு மாற்றிக்கொண்டதால் தண்ணீர் நிற்கவில்லை. கைமுறைக்கு மாற்ற ஒரு பட்டன் இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

2018-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சாலே சோல்டன், பிரதீக் மிட்டல், வின்சென்ட் பூர் ஆகியோர் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏ.சி., வாட்டர் ஹீட்டர் மாதிரி அதிக கரண்ட் இழுக்கும் இணையக் கருவிகளை லட்சக்கணக்கில் பிடித்து ஒரே நொடியில் ஓடவிட்டால் மின்தொகுப்பு என்னாகும்? மின்தொகுப்பு தராசு மாதிரி. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருந்தால்தான் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். செலவு திடீரென ஏறினால் அது சரியும். மேலும் சரிந்தால் ரிலேக்கள் தாமாகப் பகுதி பகுதியாக வெட்டத் தொடங்கும். மின்நிலையத்தைத் தொடாமலேயே ஊரை இருட்டாக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. ஒரு லட்சம் பெட்டிகள் ஒரே சர்வரின் கீழ் வருகின்றன என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு எச்.பி. 746 வாட், ஏழரை எச்.பி. என்றால் சுமார் 5.6 கிலோவாட். ஒரு லட்சத்தால் பெருக்கினால் 560 மெகாவாட். கூடங்குளத்து அணுஉலை ஒன்றின் திறனில் பாதிக்கும் மேல். அதுவும் ஓடும்போது மட்டும். நேரடியாகக் கிளப்பும் மோட்டார், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பேனலில் ஆம்பியர் முள் துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு முள் துள்ளினால் டிரான்ஸ்பார்மர் முனகும். ஊர் முழுக்க ஒரே நொடியில் துள்ளினால்?

இதற்கான மருந்து நம் கையிலேயே இருக்கிறது, அதுவும் பாதி செய்து முடித்த நிலையில். ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் கரண்ட் வந்ததும் மோட்டார் உடனே கிளம்பாமல் சில நொடி காத்திருக்கும்படி ஒரு டைமர் வைப்பார்கள். அந்தக் காத்திருப்பைப் பெட்டிக்குப் பெட்டி வேறாக, ஒவ்வொரு முறையும் பகடை போட்டதுபோல மாறும்படி செய்தால், எந்தக் கட்டளையாலும் அதை மாற்ற முடியாதபடி பெட்டிக்குள்ளேயே பதித்துவிட்டால், சர்வரைப் பிடித்தவன் ஒரு லட்சம் மோட்டாரையும் ஒரே நொடியில் கிளப்ப முடியாது. ஐந்து நிமிடத்துக்குப் பரவிவிடும் சுமையை மின்தொகுப்பு தாங்கிக்கொள்ள வழியுண்டு. விவசாயிக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டில்லை. செலவு, நிரலில் சில வரிகள்.

இதைச் செய்யச் சொல்லி ஷாங்காய்க்கோ கலிபோர்னியாவுக்கோ மனுப்போட வேண்டியதில்லை. சில்லு எங்கிருந்தோ வரலாம். பெட்டியைக் கூட்டிச் சேர்ப்பதும் அதற்குள் ஓடும் நிரலை எழுதுவதும் கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் உள்ள நம் ஆட்கள். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. வோல்டேஜ் 300-க்குத் தாழ்ந்தாலும் எரியாமல் ஓடும் மோட்டாரை இந்தியாவுக்கே செய்துகொடுத்த ஊர். பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்டு அச்சிட்டு ஒட்டுவது அவர்களுக்குக் கஷ்டமா? முதல் நாளே அதை மாற்றாமல் வேலை செய்யாதபடி அமைப்பது? ஆறு மாதம் கூப்பிடாத எண்ணைத் தானாகப் பட்டியலிலிருந்து எடுப்பது? கருவிகளுக்கென்றே 13 இலக்க எண்களையும், குறித்துவைத்த எண்களோடு மட்டும் பேசும் சிம்களையும் 2018-லேயே தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்துவிட்டது. மாமாவின் பெட்டியில் இருப்பதோ பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஆதார் காட்டி வாங்கிய சாதாரண சிம். விற்றவர் யாரும் வேறு ஒன்று இருப்பதாகச் சொல்லவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது மாமாவோடு மோட்டார் ரூமில் உட்கார்ந்தேன். பட்டியலில் ஐந்தில் மூன்றை எடுத்தோம். பட்டியலை மாற்றக் கேட்கும் பாஸ்வேர்டு இன்னும் 1234-தான். வேறு வைக்கலாம் என்றேன். பிறந்த வருசம் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெசேஜ் அடித்தார். மாறிவிட்டது என்று பெட்டி பதில் அனுப்பியது.

“ஒருக்கா போட்டுப் பாத்துரலாங் கண்ணு,” என்று மிஸ்டு கால் கொடுத்தார். கான்டாக்டர் ‘டக்’கென்று ஒட்டியது. ஆம்பியர் முள் கடைசி வரை தாவி, இறங்கி, பத்துக்குப் பக்கத்தில் நின்றது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்காக இரண்டு பேரும் வாசலில் காத்திருந்தோம். 900 அடி ஏறி வர வேண்டும்.